மெக்னீசியம் எரிகிறது, அலுமினியம் ஏன் எரியவில்லை?

கேள்வி: ஒன்பதாம் வகுப்புக்கு வேதியியல் எடுக்கிறேன். நேற்று மெக்னீசியம் நாடாவைச் சுடரில் காட்டினேன். கண் கூச எரிந்து வெள்ளைச் சாம்பலானது. "மிஸ், அலுமினியமும் இப்படி எரியுமா?" என்று ஒரு மாணவி கேட்டாள். உலோகங்களை வினைபுரியும் திறன்படி அடுக்கிய வினைபடு வரிசையில் அடுத்தது அதுதானே, எரியும் என்று சொல்லிவிட்டேன். ஆனால் சாப்பாடு சுற்றும் ஃபாயிலைப் பிடித்தால், தண்ணீர் அடைத்த பை மாதிரி தொய்ந்து ஆடியது. எரியவும் இல்லை, சொட்டவும் இல்லை. பிள்ளைகளிடம் தவறாகச் சொல்லிவிட்டேனா?

பதில் 1: உருகுநிலை அதிகமாக இருந்தால் எரியாது மேடம்.

பதில் 2: அது காரணமில்லை சார். மெக்னீசியம் 650 டிகிரியில் உருகும், அலுமினியம் 660-இல். டங்ஸ்டன் 3,422 டிகிரி வரை உருகாது. ஆனாலும் குண்டு பல்பில் விரிசல் விட்டுக் காற்று புகுந்தால், சுவிட்சைப் போட்டதும் இழை புகைந்து அறுந்துவிடும். உருகாமல் இருப்பது வேறு, எரியாமல் இருப்பது வேறு.

மேடம், நீங்கள் பார்த்த அந்தப் பைதான் விடை. உள்ளே இருந்தது உருகிய அலுமினியம், வெளியே அதன் ஆக்சைடு. அந்த ஆக்சைடு உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். புன்சன் சுடர் அவ்வளவு சூடு தராது. தான் உண்டான உலோகத்தைவிட அது சுமார் 1.28 மடங்கு இடம் பிடிப்பதால் இடைவெளி விடாமல் மூடிக்கொள்கிறது. ஆக்சிஜன் உள்ளே போக வழியில்லை. மெக்னீசியம் ஆக்சைடுக்கு இந்தக் கணக்கு 0.81 தான். போர்வை போதாமல் பிளந்துவிடும். அதோடு மெக்னீசியம் சுமார் 1,090 டிகிரியிலேயே கொதிப்பதால், ஆவியாக வெளியே வந்து எரிகிறது.

கேட்டவர்: உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்துவிட்டும் பார்த்தேன். அப்போதும் அதேதான்!

பதில் 2: தேய்த்த இடத்தில் காற்று பட்டதுமே புதுப் படலம் வந்துவிடும். சூடாக்கினால் இன்னும் தடிக்கும்.

கேட்டவர்: அப்படியானால் பட்டாசில் எப்படி எரிகிறது?

பதில் 2: அங்கே அது நுண்ணிய தூள். எடைக்குப் பரப்பு மிக அதிகம். கூடவே ஆக்சிஜன் தரும் உப்பும் இருக்கும். துகள் சட்டென்று சூடேறிப் படலமும் தாக்குப்பிடிக்காது. அதனால் நீங்கள் சொன்னது தவறில்லை, அலுமினியம் எரியும். ஆனால் தூளை வகுப்பில் பற்றவைக்க வேண்டாம். வெளியே அழைத்துப் போய் ஒரு கம்பி மத்தாப்பைக் கொளுத்திக் காட்டுங்கள், போதும்.