நக்கிள்ஸ் பக்கம் தனியாக 14 நாள்: என்னென்ன வேண்டும்?

ஹற்றன்வாசி:
24 வயதுத் தம்பி ஒருவர் கொழும்பு வேலையையும் வாடகை அறையையும் விட்டுவிட்டு, நக்கிள்ஸ் மலைக்காட்டில் தனியாக இரண்டு கிழமை இருக்கப்போவதாக ஒற்றைக்காலில் நிற்கிறார். கத்தியும் தீப்பெட்டியும் போதுமாம், கிடைப்பதைச் சாப்பிடுவாராம். தடுக்க மனமில்லை, பத்திரமாகத் திரும்பினால் போதும். விஷயம் தெரிந்த அண்ணன்மார் சொல்லுங்கள்.

மாத்தளையான்:
முதலில் இடத்தை மாற்றச் சொல்லுங்கள். நக்கிள்ஸ் பாதுகாக்கப்பட்ட காடு, 2010இலிருந்து உலக மரபுரிமையும்கூட. உள்ளே வேட்டையாடுவதும் மரம் வெட்டுவதும் குற்றம். அனுமதியில்லாமல் தங்கவும் விடமாட்டார்கள். ரங்கல பக்கம் காட்டோரமாக இருக்கும் தேயிலைக் காணி ஒன்றில் சொந்தக்காரரிடம் கேட்டு இருக்கலாம். தனிமைக்குக் குறைவில்லை, தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிய இடமென்றால் அந்தக் குச்சிகள், அதுதான் மிலாறு, விறகுக்குக் கிடைக்கும். அக்டோபர் முதல் ஜனவரி வரை வேண்டவே வேண்டாம். பெப்ரவரி கடைசியிலிருந்து மார்ச் வரை நல்லது.

படங்குக்காரன்:
அந்த மலையில் ஆளைச் சாய்ப்பது பசியில்லை, ஈரமும் காற்றும். உடுப்பு நனைந்திருந்தால் 12 பாகைக் குளிரே உயிரை எடுக்கும். 10க்கு 12 அடிப் படங்கு (தார்ப்பாய்) ஒன்று, காற்று வரும் பக்கம் தாழ்த்திக் கட்டுங்கள். கூரையைவிடத் தரைதான் முக்கியம். உடம்புச் சூட்டை நிலம் இழுத்துவிடும். காய்ந்த மானாப்புல்லைப் படுத்து அமுக்கிய பிறகும் அரையடி நிற்கிற அளவுக்குப் பரப்பி, மேலே பொலித்தீன், அதற்குமேல் கம்பளி. பொலித்தீனை உடம்பில் சுற்றக் கூடாது, வேர்வை உள்ளேயே தங்கி நனைத்துவிடும். இரவு உடுப்பு ஒரு சோடியைப் பையில் கட்டி வையுங்கள், பகலில் எவ்வளவு நனைந்தாலும் அதைத் தொடக் கூடாது. பொத்தான் போட விரல் தடுமாறினால் உடனே உடுப்பு மாற்றி, சீனி போட்ட சுடுதண்ணீர் குடிக்க வேண்டும். சூடேறாமலே நடுக்கம் நின்றால் அது ஆபத்து.

ஓடைக்கரையில் படுக்க வேண்டாம், மேலே மழை பெய்தால் இங்கே வெயிலடிக்கும்போதே தண்ணீர் ஏறும். நேரான தகர டின் ஒன்றை வெட்டவெளியில் வைத்து, விழும் மழையை அடிமட்டத்தால் அளக்கட்டும். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினாலோ, நிலம் வெடித்தாலோ, ஊற்று திடீரென்று கலங்கினாலோ சாமானை விட்டுவிட்டு இறங்க வேண்டும். 2014இல் மீரியபெத்தை மண்சரிவில் நடந்ததை மலையகத்தில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

சமையல்கட்டு:
கிடைப்பதைச் சாப்பிட்டு 14 நாள் ஓடாது. ஒரு நாளுக்கு அரிசி 400 கிராம், பருப்பு 100, வறுத்த கச்சான் (நிலக்கடலை) 100, சீனி 75, தேங்காயெண்ணெய் 30 மில்லி. ஏறக்குறைய 2,900 கலோரி வரும். மொத்தம் 10 கிலோ, உப்பும் நெத்தலிக் கருவாடும் தனி. பருப்பை முன்கூட்டியே ஊறவைத்தால் விறகு மிச்சம். மிலாறு நனைந்தால் புகைதான் வரும், அதனால் ஒரு கட்டு எப்போதும் படங்குக்குள் இருக்கட்டும். தண்ணீரைக் கொதித்தபின் ஒரு நிமிடம், 2,000 மீற்றருக்கு மேல் மூன்று நிமிடம் கொதிக்க விடவும்.

மாத்தளையான்:
அட்டையை நெருப்பால் சுடாமல், நகத்தால் வாய்ப்பக்கம் தள்ளி எடுக்கவும். சருகுக்குள் கையை விடவேண்டாம். அங்கே கிடக்கிற குணகட்டுவா என்ற விரியன் பாம்பின் கடிக்கு இங்கே வழமையாகப் போடும் இந்திய விஷமுறிவு மருந்து வேலை செய்யாது. கடித்தால் கட்டுப் போடாமல், வெட்டாமல், கால் கையை அசைக்காமல் 1990 அம்புலன்சுக்கு எடுங்கள். பள்ளத்தில் சிக்னல் இருக்காது, அதனால் எந்த மேட்டில் கிடைக்கிறது என்று முதல் நாளே பார்த்து வைக்கட்டும். தினமும் மாலை 5 மணிக்கு அங்கிருந்து உங்களுக்கு ஒரு மெசேஜ். மறுநாள் 5 மணிக்கும் வராவிட்டால் காணிக்காரரை அனுப்புங்கள், 119இல் பொலிசுக்கும் சொல்லுங்கள்.