அருச்சுனன் தபசில் சிவன் இல்லாவிட்டால்?

பொகவந்தலாவை வாசகன்:
எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் நடிப்பதற்காக அருச்சுனன் தபசைச் சின்ன நாடகமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். வேடனாக வரும் சிவன், வரம், அஸ்திரம், தேவர் எதுவும் கிடையாது. தவமிருக்கும் அருச்சுனனும் ஒரு மலைவேடனும் பன்றிக்காகச் சண்டை பிடிக்கிறார்கள். இளவரசன் தோற்று, அந்த வேடனிடமே வில் பழகுகிறான். இது புதுசும் இல்லை. கன்னடத்தில் பைரப்பா 1979இலேயே ‘பருவம்’ நாவலில் பாரதம் முழுவதையும் அற்புதம் இல்லாமல் எழுதிவிட்டார். என்ன நினைக்கிறீர்கள்?

மஸ்கெலியா கூத்துக்காரர் பேரன்:
தம்பி, எனக்கு இதில் உடன்பாடு இல்லை. என் தாத்தா அருச்சுனன் வேஷம் கட்டியவர். விரதமிருந்து, இராத்திரியில் பாடிக்கொண்டே தபசு மரம் ஏறுவார். கீழே லயமே, தோட்டத்து வரிசை வீடுகளின் சனமே, திரண்டு நிற்கும். அந்த வேடன் யார் என்பதில்தான் கதையே இருக்கிறது. அடிவாங்கிய அருச்சுனன் மண்ணில் சிவனைப் பிடித்து மாலை போடுகிறான். நிமிர்ந்து பார்த்தால் அதே மாலை வேடன் தலையில். எவனைக் காட்டுவாசி என்று இகழ்ந்தானோ அவன் காலிலேயே விழுகிறான். மாலையை எடுத்துவிட்டால் மிஞ்சுவது மல்யுத்தம்.

பண்டாரவளை டீச்சர்:
மாலை விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி ஐயா. ஆனால் திரௌபதியை யோசித்துப் பாருங்கள். புனே பண்டார்க்கர் நிறுவனம் ஏடுகளை ஒப்பிட்டு 1966இல் முடித்த மகாபாரதச் செம்பதிப்பில், துகிலுரியும்போது அவள் கண்ணனைக் கூப்பிடும் இடம் மூலத்தில் இல்லை, அடிக்குறிப்பில்தான் இருக்கிறது. துணி மட்டும் வளர்கிறது. நான் வகுப்பில் அதையும் விட்டுவிட்டுச் சொன்னேன். “அந்தத் தாத்தா ஏன் டீச்சர் எழும்பல?” என்று ஒரு பிள்ளை வீட்டுமரை, அதாவது பீஷ்மரை, பற்றிக் கேட்டது. சேலை வளர்ந்த கதையைச் சொன்ன வருஷங்களில் ஒருத்தரும் அதைக் கேட்டதில்லை. சேலை வளர்ந்ததும் நமக்கு மூச்சு வந்துவிடுகிறது. சபையில் இருந்த பெரியவர்கள் தப்பிவிடுகிறார்கள்.

மஸ்கெலியா கூத்துக்காரர் பேரன்:
டீச்சர், என் பாட்டி கொழுந்து எடுத்தவர். 1948இல் எங்கள் தோட்டத்துச் சனத்தின் இலங்கைப் பிரஜாவுரிமை போனது. 1964இல் இலங்கை, இந்தியா இரண்டு அரசும் உட்கார்ந்து, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே என்று பிரித்துக்கொண்டன. மீதி ஒன்றரை இலட்சம் பேரைப் பிறகு பார்ப்போம் என்றார்கள். பாட்டியின் தங்கை தலைமன்னாரில் கப்பலேறினார். அப்புறம் இருவரும் சந்திக்கவே இல்லை. சபையில் யாரும் எழும்பமாட்டார்கள் என்று பாட்டிக்குப் பாரதம் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் அழுதது சேலை வளரும் இடத்தில். அதை எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

பொகவந்தலாவை வாசகன்:
ஐயா, இரண்டு நாளாக இதற்குப் பதில் எழுத முடியவில்லை. கூத்தில் நான் கைவைக்கவில்லை, அது அப்படியே நடக்கட்டும். ஆனால் அந்த மாலை உறுத்திக்கொண்டே இருந்தது. இப்போது இப்படி எழுதியிருக்கிறேன்: அருச்சுனன் கண்மூடி இருக்கும்போது வேடனின் சின்ன மகள் வந்து, மண்சிலைமேல் இருந்த மாலையை எடுத்துத் தகப்பன் தலையில் வைக்கிறாள். கண் திறந்தவன் அதைப் பார்க்கிறான்.

மஸ்கெலியா கூத்துக்காரர் பேரன்:
நல்லா இருக்கு தம்பி. ஆனால் அவள் எடுத்து வைப்பது பார்க்க வந்த சனத்துக்குத் தெரியக் கூடாது.

பொகவந்தலாவை வாசகன்:
தெரியத்தான் வேண்டும் ஐயா. அந்தப் பிள்ளையின் கையை எல்லாரும் பார்க்க வேண்டும்.