அலகில் ஒட்டிய கல்லை எடுப்பது எப்படி? (அரியலூர் பிராக்கியோபாட்)

வணக்கம். தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். அரியலூர் பக்கம் இருக்கும் மாமா போன பொங்கலுக்கு ஒரு புதைபடிவம் கொடுத்தார். கிரெட்டேசியஸ் (டைனோசர்கள் வாழ்ந்த கடைசிக் காலம்) சுண்ணாம்புக்கல்லில் வந்தது, கொட்டைப்பாக்கு அளவு. இது எந்த வரிசை (order, உயிரின வகைப்பாட்டில் ஒரு பிரிவு) என்பதில்தான் மாட்டிக்கொண்டேன்.

பிராக்கியோபாட் (மட்டி போலவே இரண்டு ஓடுள்ள, ஆனால் வேறு இனத்துக் கடல் உயிரி) என்பதில் சந்தேகமில்லை. காசிமேட்டில் வாங்கிய மட்டியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மட்டியில் இரண்டு ஓடும் ஒன்றுக்கொன்று ஜோடி. இதில் ஓர் ஓடு பெரியது, இன்னொன்று சின்னது. ஆனால் நடுவில் கோடு போட்டால் இடமும் வலமும் அச்சு அசல். தடித்த வரிகள் இருக்கின்றன, முன்விளிம்பு வளைந்து வளைந்து போகிறது. அதை வைத்து ரிங்கோனெல்லிடா வரிசை என்று நினைக்கிறேன். ஆனால் டெரிபிராட்டுலிடா என்ற இன்னொரு வரிசையிலும் வரி உள்ளவை உண்டே! அவற்றின் ஓட்டில் நுண்துளைகள் இருக்கும், ரிங்கோனெல்லிடாவில் பெரும்பாலும் இருக்காது. 10 மடங்கு லென்ஸில், ஈரப்படுத்தியும் பார்த்தேன். மேற்பரப்பு தேய்ந்திருப்பதால் ஒன்றும் பிடிபடவில்லை.

மிச்சம் இருப்பது அலகு, அதாவது பெரிய ஓட்டின் பின்பக்கக் கூர்முனை. உயிரி தரையில் ஒட்டிக்கொள்ள உதவும் காம்பு வெளிவரும் துளையும் அதையொட்டிய சின்னத் தகடுகளும் தெரிந்தால் ஓரளவு தெளிவாகும். அங்கேதான் கல் இறுகிக் கிடக்கிறது. தண்ணீரில் ஊறவைத்து, பல்துலக்கும் பிரஷ், தையல் ஊசி எல்லாம் போட்டாயிற்று; தூள்தான் வருகிறது. வினிகரில் போடச் சொன்னார் ஒருவர். ஓடே கால்சைட், கல்லோடு அதுவும் கரைந்துவிடும், சரிப்படாது.

அலகு உடையாமல் அந்தக் கல்லை மட்டும் வீட்டிலேயே எடுக்க என்ன வழி?