சுகர் "இல்ல"ன்னு வந்த ரிப்போர்ட்டை நம்பலாமா? ஹார்ட் பத்தி ஒரு விவாதம்

வெண்ணாறு:
அப்பாவுக்கு 54 வயசு, திருவாரூர் பக்கம் விவசாயம். போன சம்பா அறுப்பு முடிஞ்சு நெல்லை டிபிசில (அரசு நெல் கொள்முதல் நிலையம்) கொட்டிட்டு மூணு நாள் காவல் கிடந்தாரு, அங்கயே ராத்திரி நெஞ்சு வலி, வாயுன்னு நெனச்சு சோடா குடிச்சிட்டு படுத்துட்டாரு, விடிஞ்சுதான் தூக்கிட்டு ஓடினோம், ரெண்டு ஸ்டென்ட். அதுக்கு ஆறு மாசம் முன்னாடி எடுத்த டெஸ்ட்ல வெறும் வயித்து சுகர் 112, ஹெச்பிஏ1சி (ரெண்டு மூணு மாச சராசரி சுகர காட்டுற டெஸ்ட், சுருக்கமா ஏ1சி) 6.1. "சுகர் இல்ல, போயிட்டு வாங்க"ன்னு அனுப்பிட்டாங்க. ஏ1சி 6.5 வந்தாதான் சுகர்னு சொல்றாங்க, அந்த 6.5ங்கிறது முக்கியமா கண்ணு விழித்திரை கெடுறத வச்சு போட்ட கோடு, ஹார்ட்டுக்கு அப்படி ஒரு கோடே கிடையாது. அமெரிக்கால சுகர் இல்லாத 11,000 பேர பல வருஷம் பாத்து 2010ல ஒரு ஆய்வு வந்துச்சு, ஏ1சி 5லேருந்து 5.5க்குள்ள இருந்தவங்கள விட 6லேருந்து 6.5க்குள்ள இருந்தவங்களுக்கு மாரடைப்பு மாதிரி இதய நோய் ஆபத்து கிட்டத்தட்ட 1.8 மடங்கு. பிபி, கொழுப்பு, சிகரெட் எல்லாத்தையும் கழிச்சு பாத்த கணக்கு இது.

குடமுருட்டி:
தம்பி, அப்பா பொழைச்சு வந்தாரே, அது போதும். ஆனா நீங்க சொல்றத நான் ஒத்துக்க மாட்டேன். 2014ல 73 ஆய்வுகள ஒண்ணா சேத்து கிட்டத்தட்ட மூணு லட்சம் பேர் கணக்கு பாத்தாங்க, வயசு, பிபி, கொலஸ்ட்ரால், புகை இதெல்லாம் தெரிஞ்சிட்டா அதுக்கு மேல ஏ1சிய சேத்தாலும் யாருக்கு வரும்னு கணிக்கிறதுல பெருசா ஒண்ணும் கூடல. அதுவும் போக சுகரை இறக்கினா ஹார்ட் தப்பிச்சிருக்கணும்ல? 2012ல வந்த ஒரு பெரிய சோதனைல 12,500 பேர், ஆரம்ப நிலை சுகர், சுகருக்கு முந்தின நிலை ரெண்டும் இருந்தவங்க, ஆறு வருஷம் இன்சுலின் போட்டும் மாரடைப்பு குறையல. எங்க சித்தப்பாவுக்கு ஏ1சி 5.4தான், பிபி 170, மாத்திரைய தொடவே மாட்டாரு, போய் சேந்துட்டாரு. ஊர்ல எல்லாரும் சுகரையே பாத்துக்கிட்டு பிபிய விட்டுடுறாங்க, எனக்கு அந்த கவலைதான்.

அரசலாறு லேப்:
கும்பகோணத்துல லேப்ல வேலை பாக்குறேன். ரெண்டு பேருக்கும் ஒண்ணு சொல்லணும். இரும்புச்சத்து குறைஞ்சு ரத்தசோகை இருந்தா ஏ1சி உள்ளதுக்கு மேல காட்டும், நடவுக்கு போற நம்ம பொம்பளைங்க நெறைய பேருக்கு ரத்தம் கம்மி, அவங்களுக்கு 5.9ன்னு வந்தா உடனே பயந்துடாதீங்க, ஹீமோகுளோபினையும் சேத்து பாருங்க. சந்தேகம்னா 75 கிராம் குளுக்கோஸ் குடிச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சு எடுக்குற டெஸ்ட் இருக்கு.

வெண்ணாறு:
அண்ணே, கணிக்க உதவல, அதனால காரணமே இல்லன்னு சொல்றது தப்பு. ஊசி மருந்து பலிக்கலன்னா வேற எதுவுமே பலிக்காதா? சீனால தாசிங்ங்கிற ஊர்ல 1986ல, சுகர் வர்றதுக்கு முந்தின நிலைல இருந்த 577 பேர எடுத்து, ஒரு பகுதி பேர அப்படியே விட்டுட்டு மத்தவங்கள ஆறு வருஷம் சாப்பாட்டையோ உடற்பயிற்சியையோ ரெண்டையுமோ மாத்த வச்சாங்க. 30 வருஷம் கழிச்சு பாத்தா, மாத்தினவங்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் மாதிரியானது மாத்தாதவங்கள விட 26 சதவீதம் கம்மி. நம்ம நாட்டுல இந்த நிலைல 13.6 கோடி பேர் இருக்காங்கன்னு ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) 2023ல சொல்லிச்சு, அவங்க எல்லாருக்கும் "ஒண்ணும் இல்ல"ன்னு சொல்லி அனுப்புறதா?

குடமுருட்டி:
நடந்தா எடையும் குறையும் பிபியும் குறையும், அதுல சுகரால வந்த லாபம் எவ்வளவுன்னு எப்படி பிரிப்பீங்க? சரி, 6.1 வந்தவர சும்மா அனுப்பினது தப்பு, அத ஒத்துக்கறேன். அன்னிக்கு அப்பாவுக்கு பிபி எவ்வளவு இருந்துச்சு, எல்டிஎல் (கெட்ட கொழுப்பு) எடுத்தாங்களா?

கொரடாச்சேரி செல்வி:
எங்க வீட்டுக்காரருக்கு 5.9 தம்பி. மூணு வேளையும் சோறுதான், வெத்தலையோட புகையிலையும் போடுவாரு. எத முதல்ல நிறுத்தச் சொல்றது?

குடமுருட்டி:
புகையிலை, அக்கா. இன்னிக்கே. சோத்த அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு காய், பயறு கூட்டிக்கலாம்.

வெண்ணாறு:
ஆமாக்கா, அதுல எங்களுக்குள்ள சண்டையே இல்ல.
குடமுருட்டி அண்ணே, நீங்க கேட்டதுக்கப்புறம் பழைய சீட்ட தேடி எடுத்தேன். 150/96ன்னு மூலைல பேனால எழுதியிருக்கு. அத பத்தி அன்னிக்கு யாரும் ஒரு வார்த்தை பேசல, கொழுப்பு டெஸ்ட் எடுக்கவே இல்ல. 6.1 பத்தி நான் சொன்னது மாறல, ஆனா அந்த மூலைய நானும்தான் பாக்காம விட்டிருக்கேன்.