இடது டெம்போரல் லோப் (காது பக்கத்துல இருக்குற மூளைப் பகுதி) வலிப்புக்கு ஆபரேஷன் பண்ணவங்க யாராவது இருக்கீங்களா?

வணக்கம், தங்கச்சிக்காக கேக்குறேன். அவளுக்கு வர்றது கை கால் இழுக்குற ஃபிட்ஸ் இல்ல, அதனாலயே வீட்ல ரொம்ப நாள் யாருக்கும் புரியல, பெரியம்மா மந்திரிக்கவே கூட்டிட்டு போனாங்க. வயித்துலேந்து என்னமோ மேல ஏறுதுன்னு சொல்வா, காரணமே இல்லாத பயம், எல்லாம் ஏற்கனவே நடந்த மாதிரி ஒரு ஃபீலிங், அப்புறம் வெறிச்சு பாத்துட்டு வாய சப்பிக்கிட்டு துப்பட்டா நுனிய பிசைஞ்சுட்டே இருப்பா, தெளிஞ்சதும் கேட்டா எதுவும் ஞாபகம் இல்ல.

எம்ஆர்ஐல இடது ஹிப்போகேம்பஸ் சுருங்கி தழும்பாயிருக்கு. ஞாபகத்த பதியிற அந்த இடத்துல கிளம்புற கரண்ட் ஒட்டியிருக்குற அமிக்டலாவுக்கு பாஞ்சா பயம், இன்சுலாவுக்கு போனா வயித்துல அந்த ஃபீலிங், இன்னும் பரவி தலாமஸ், மறுபக்க டெம்போரல் லோப்னு போயிட்டா நினைவே தப்பிடும்னு டாக்டர் சொன்னார். 1937ல பேப்பஸ்னு ஒருத்தர் மூளைல உணர்ச்சிக்குன்னு வரைஞ்ச சர்க்யூட்டும் பாதி இதே ரூட்தான்.

ரெண்டு மருந்து மாத்தியும் நிக்கல, லெவிடிராசெட்டம் போட்டதுலேந்து கோவம் வேற. இப்போ ஆபரேஷன் பத்தி பேசுறாங்க. 1953ல அமெரிக்கால ஹென்றி மோலைசன்ங்கிற நோயாளிக்கு வலிப்புக்காக ரெண்டு பக்கமும் இந்த இடத்த எடுத்ததுல புதுசா எதுவுமே மனசுல நிக்காம போச்சு, இப்போ ஒரு பக்கம் மட்டும்தான் எடுப்பாங்கன்னு தெரியும், ஆனா இடது பக்கம்னா பேரு, வார்த்தையெல்லாம் மறக்க வாய்ப்பிருக்காமே, இவ டீச்சர் வேற.

பண்ணவங்க சொல்லுங்க, முன்னாடி மெமரி டெஸ்ட் எப்படி எடுத்தாங்க? வீடியோ ஈஈஜிக்கு (வீடியோ எடுத்துக்கிட்டே மூளை கரண்ட பதிவு பண்ற டெஸ்ட்) எத்தனை நாள் அட்மிட் ஆகணும்? அந்த பயம் அப்புறம் நின்னுச்சா?