‘நிறுவன வெற்றிடம்’ வேண்டாமே: இன்ஸ்டிட்யூஷனல் வாய்ட் பற்றி

வணக்கம் நண்பர்களே,

உத்திசார் மேலாண்மைச் சொற்பட்டியலில் ‘இன்ஸ்டிட்யூஷனல் வாய்ட்’ என்பதற்கு ‘நிறுவன வெற்றிடம்’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்று இழையில் எழுதியிருந்தீர்கள். இரண்டு நாளாக அந்தச் சொல்லை வைத்து வாக்கியங்கள் எழுதிப் பார்த்தேன். எனக்கு ஒத்துவரவில்லை.

சொல்லுக்கு முன்னால் கருத்தைப் பார்த்துவிடுவோம். 1997இல் ஹார்வர்டு வணிகப் பள்ளிப் பேராசிரியர்கள் தருண் கன்னாவும் கிருஷ்ணா பாலெபுவும் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ என்ற மேலாண்மை இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். கைதேர்ந்த ஒரு தொழிலை மட்டும் வைத்துக்கொள், மற்றதை விற்றுவிடு என்பதுதான் அன்று மேலைநாட்டு ஆலோசகர்கள் எல்லோருக்கும் சொன்ன அறிவுரை. வளர்ந்துவரும் சந்தைகளுக்கு அது பொருந்தாமல் போகலாம் என்றது அந்தக் கட்டுரை. முன்பின் தெரியாத இருவர் நம்பி வியாபாரம் செய்ய வேண்டுமானால் நடுவில் பல அமைப்புகள் வேண்டும்: கடன் தகுதியை மதிப்பிடுவோர், தணிக்கையாளர்கள், சந்தை ஆய்வு செய்வோர், நம்பத்தக்க சான்றிதழ் தரும் கல்விக்கூடங்கள், வழக்கைக் காலத்தில் முடிக்கும் நீதிமன்றங்கள். இவை இல்லாத இடமும், பெயருக்கு மட்டும் இருக்கிற இடமும்தான் அந்த ‘வாய்ட்’.

ஒரு பற்பசைக் கம்பெனி புதிதாக ஒரு நாட்டுக்குப் போகிறது, சிறு கடைகளுக்குக் கடனில் சரக்குக் கொடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் இதற்கு முன் வாங்கிய கடனைத் திருப்பினாரா என்று சொல்லும் பதிவேடு எங்கும் இல்லை. அதனால் விற்பனைப் பிரதிநிதி கடையிலேயே அரை நாள் உட்காருகிறார். எந்த அலமாரியில் தூசி படிந்திருக்கிறது, கல்லாப்பெட்டி எத்தனை முறை திறக்கிறது என்று கவனிக்கிறார். ஒரு கடைக்கு அரை நாள் என்றால் 10,000 கடைக்கு? சொந்த நாட்டில் ஒரு அறிக்கையை வாங்கிப் படித்து முடித்த வேலை, இங்கே தனித் துறையாக வளர்கிறது. இந்தச் செலவை யார் ஏற்பது என்பதில்தான் உத்தியே தொடங்குகிறது.

சரி, இதை ‘நிறுவன வெற்றிடம்’ என்றால் வாசகர் என்ன புரிந்துகொள்வார்? இன்று நிறுவனம் என்றால் நமக்குக் கம்பெனிதான். பாடநூல்கள் கம்பெனிக்கு ‘நிறுமம்’ என்று எழுதியும், நாளிதழில் ‘நிறுவனம்’ அசையவில்லை. ஆக, ஏதோ கம்பெனிக்குள் இருக்கிற ஓட்டை என்று படிப்பார்கள். இலங்கை வாசகருக்கு இன்னும் சிக்கல். அங்கே வேலைக்கு ஆள் தேவை என்ற அறிவிப்பிலேயே ‘வெற்றிடம்’ என்றுதான் வரும். ‘நிறுவன வெற்றிடங்கள்’ என்று தலைப்பிட்டால் விண்ணப்பம் அனுப்பத் தோன்றும். கருத்தில் கம்பெனி வெளியே நிற்கிறது, குறை சந்தையில் இருக்கிறது. சொல் அதைத் தலைகீழாக்குகிறது.

என் முன்மொழிவு: இடையமைப்பு வெற்றிடம். வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இடையில் நிற்க வேண்டிய அமைப்புதான் இடையமைப்பு.

பின்பாதியை மாற்றத்தான் முதலில் நினைத்தேன். ‘இன்மை’ சரியாகத்தான் இருந்தது, ஆனால் இன்மையை எண்ணவும் முடியாது, நிரப்பவும் முடியாது. ‘சந்தைப் பள்ளம்’ என்றால் விலை சரிந்துவிட்டது என்று ஆகிவிடும். வெற்றிடம் என்றால் ஒன்றுமே இல்லாதது, அங்கேதான் உறவினரும் வட்டிக்காரரும் இருக்கிறார்களே என்று ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. ஆனால் ‘அரசியல் வெற்றிடம்’ என்று எழுதும்போதும் யாருமே இல்லை என்றா சொல்கிறோம்? இருக்க வேண்டியவர் இல்லை, அந்த இடத்துக்கு மற்றவர்கள் முந்துகிறார்கள் என்கிறோம். இங்கும் அதே கதைதான்.

‘இடை’ என்றதும் இடைத்தரகர் நினைவுக்கு வரும் என்ற தயக்கம் எனக்கும் இருந்தது. ‘இடைத்தரகர் இன்றி நேரடியாக’ என்பதே நம் விளம்பரங்களில் ஒரு பெருமை. ஆனால் தரகர் ஒரு ஆள், இது அமைப்பு. அந்த வேறுபாட்டைச் சொல்லே காட்டிவிடுகிறது என்று நம்புகிறேன்.

வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன். “கென்யாவில் பலருக்கு வங்கிக் கிளை எட்டாத தொலைவில் இருந்ததால் ஏற்பட்ட இடையமைப்பு வெற்றிடத்தை, 2007இல் தொலைபேசிக் கம்பெனியான சஃபாரிகாம் தொடங்கிய எம்-பெசா என்ற பணம் அனுப்பும் சேவை, கைபேசியையும் தெருமுனை முகவர்களையும் கொண்டு நிரப்பியது.” உறுத்தவில்லை. அடுத்து, சீன இணைய வணிகக் கம்பெனியான அலிபாபா தொடங்கிய பணம் செலுத்தும் சேவை, அலிபே. பணம் முதலில் போகவா, பொருள் முதலில் போகவா என்று இரு பக்கமும் தயங்கிய சீன இணையச் சந்தையில், பணத்தை வாங்கித் தன்னிடம் வைத்துக்கொண்டு, பொருள் கைக்கு வந்தது என்று வாங்கியவர் சொன்ன பிறகே விற்றவருக்கு விடுவித்தது அது. “அலிபாபா தானே இடையமைப்பாக மாறியது” என்று எழுத முடிகிறது பாருங்கள். ‘நிறுவன வெற்றிட’த்தில் இந்த வாக்கியத்துக்கு வழியே இல்லை. வெற்றிடத்தோடு ஒத்துப்போவதா, தானே நிரப்புவதா, நிரம்பும்வரை காத்திருப்பதா, வெளியேறுவதா என்று கம்பெனி தேர்ந்தெடுக்க வேண்டியதை எல்லாம் இந்தச் சொல் தாங்குகிறது.

அப்புறம் ‘எமர்ஜிங் மார்க்கெட்’. ‘வளரும் சந்தை’ வேண்டாம், ‘வளரும் நாடு’ அதில் ஒட்டிக்கொள்கிறது. 1981இல் உலக வங்கிக் குழுமத்தில் வேலை பார்த்த அன்டுவான் வான் அக்ட்மேல் இந்தப் பெயரைக் கொண்டுவந்ததே, ‘மூன்றாம் உலகம்’ என்றால் முதலீட்டாளர்கள் முகம் சுளிக்கிறார்கள் என்பதால்தான். ‘எழுஞாயிறு’ போல ‘எழுசந்தை’ என்று வினைத்தொகையாக வைக்கலாம் என்பது என் விருப்பம். பழகும்வரை ‘வளர்ந்துவரும் சந்தை’ இருக்கட்டும், சண்டைக்கு வரமாட்டேன்.

அலிபே செய்ததற்குப் பெயர் எஸ்க்ரோ. அதற்குத்தான் இன்னும் சொல் சிக்கவில்லை. ‘பிணைவைப்பு’ என்று எழுதினால் அடமானம்போல ஒலிக்கிறது, ‘நடுவர் வைப்பு’ விளையாட்டுத் திடலுக்குப் போய்விடுகிறது. யாரிடமாவது நல்ல சொல் இருந்தால் ஒரு வாக்கியத்தில் வைத்து அனுப்புங்கள்.