பள்ளிக்கூடத்துப் பலகை: மேஜர் சரவணன் வாசகத்தில் இரண்டு திருத்தம்

அன்புள்ள ஊர்ச் சொந்தங்களுக்கு வணக்கம்.

கார்கில் போரில் இறந்த மேஜர் சரவணனுக்காக நம் பள்ளி நூலகச் சுவரில் மாட்டப்போகிற பலகையின் மாதிரியைச் செயலாளர் தம்பி அனுப்பியிருந்தார். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்து பெரிதாக்கிப் பார்த்தேன். முகம் நன்றாக வந்திருக்கிறது, எழுத்தும் வாசலில் நிற்கும்போதே தெரியும். ஆனால் அச்சுக்குப் போகும் முன் இரண்டு இடத்தைத் திருத்தியே ஆக வேண்டும்.

முதலாவது சின்னது. மார்பில் வரைந்திருக்கும் பதக்கத்தின் நாடா முழுக்க ஊதா. அது போர்க்கால வீர விருதுகளில் மிக உயர்ந்த பரம் வீர் சக்ராவின் நாடா. கார்கில் போருக்காக அதைப் பெற்றவர்கள் நான்கே பேர்: விக்ரம் பத்ரா, மனோஜ் பாண்டே, யோகேந்திர சிங் யாதவ், சஞ்சய் குமார். மேஜர் சரவணனுக்கு மறைவுக்குப் பின் கொடுத்தது வீர் சக்ரா. அது வெள்ளிப் பதக்கம், நாடா பாதி கருநீலம், பாதி காவி. இரண்டு படி ஏற்றிப் போட்டால் மரியாதை கூடும் என்று வரைந்தவர் நினைத்தாரோ என்னவோ. வாங்கியதை வாங்கியபடி போடுவோமே.

இரண்டாவதுதான் பெரிது. "ஜுபார் மலையைக் கைப்பற்றி வீரமரணம் அடைந்தார்" என்று கீழே இருக்கிறது. அவர் கைப்பற்றவில்லை. அவர் இறந்த 1999 மே 29 அன்று, கார்கிலின் பட்டாலிக் பகுதியில் இருக்கும் அந்த மலை நம் பக்கம் வரவில்லை. ஜூலையில்தான் வந்தது. அவருடைய உடலைக்கூட ஒரு மாதத்துக்கும் மேல் கழித்துத்தான் மீட்க முடிந்தது. இதை மழுப்பிவிட்டால் அவர் செய்த காரியமே புரியாமல் போய்விடும்.

அது எந்த நேரம் என்று பாருங்கள். ஊடுருவியவர்களை ஆடு மேய்ப்பவர்கள் பார்த்துச் சொன்னது மே மாதத் தொடக்கத்தில். தீவிரவாதிகள் கொஞ்சப் பேர் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் எண்ணினார்கள். உட்கார்ந்திருந்தது பாகிஸ்தானின் வடக்கு இலகு காலாட்படை. நாம் டிவியில் பார்த்துக் கைதட்டினோமே, அந்த டோலோலிங் வெற்றி ஜூன் 13, டைகர் ஹில் ஜூலை 4. மே கடைசியில் ஏறியவர்களுக்கு மேலே எத்தனை பேர், என்னென்ன ஆயுதம் என்பதே சரியாகத் தெரியாது.

பட்டாலிக்கில் 14 ஆயிரம் அடிக்கு மேல், மே 28ஆம் தேதி இரவு, விடிந்தால் 29. அங்கே ஒரு மூச்சுக்குக் கிடைக்கிற ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் சுமார் 60 சதவீதம்தான். ஒளிந்துகொள்ள ஒரு புதர் கிடையாது. மேலே கல்லை அடுக்கிக் கட்டிய பதுங்கு அரணில் இருப்பவனுக்கு ஏறி வருகிற ஒவ்வொருவரும் குறி. சரவணன் தன் ஆட்களோடு நெருங்கிப் போய் ராக்கெட் லாஞ்சரால் அந்த அரணுக்குள் அடித்தார், இரண்டு பேர் விழுந்தார்கள். அதற்குள் குண்டுச் சிதறல் பட்டு அவருக்குக் காயம். பின்வாங்கச் சொல்லி கட்டளை அதிகாரியிடமிருந்து தகவல் வந்தது. அவர் திரும்பவில்லை, மேலும் இரண்டு பேரை வீழ்த்தினார். அப்புறம் தலையில் குண்டு பாய்ந்தது. ஆகஸ்ட் வந்திருந்தால் 27 வயது முடிந்திருக்கும்.

'தலைமை' என்ற சொல்லைப் பலகையில் சேர்க்கலாமா என்று அண்ணன் ஒருவர் கேட்டிருந்தார். கட்டாயம் சேர்க்கலாம். ராமேஸ்வரத்தில் பிறந்து, திருச்சியில் கேம்பியன் பள்ளியிலும் செயின்ட் ஜோசப் கல்லூரியிலும் படித்தவர், பீகார் ரெஜிமெண்டின் முதல் பட்டாலியனுக்குப் போகிறார். அந்த ரெஜிமெண்டின் போர் முழக்கங்களில் ஒன்று 'பிர்சா முண்டா கி ஜெய்'. நம்மூர்ப் பையன்கள் கேள்விப்பட்டே இருக்க மாட்டார்கள். வேற்று மொழி, வேற்று ஊர் ஆட்கள் ஒரு அதிகாரியின் பின்னால் அந்தச் சரிவில் இருட்டில் ஏற வேண்டுமென்றால், அவர் முன்னால் போயிருக்க வேண்டும். மைக் பிடித்துப் பேசுகிற தலைமை வேறு.

அதே நாளில் அதே தாக்குதலில் நாயக் பதவியில் இருந்த கணேஷ் பிரசாத் யாதவும் இறந்தார், அவருக்கும் வீர் சக்ரா. நம் பலகையில் அவர் பெயரே இல்லை. திருச்சி கண்டோன்மென்ட்டில் மேஜரின் நினைவிடத்தை நாம் எத்தனையோ தடவை பஸ்ஸில் தாண்டிப் போயிருக்கிறோம். எனக்கும் கணேஷ் பிரசாத் யாதவின் பெயர் பின்னால் தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது.

ஆகவே என் வாசகம் இது: "மேஜர் மா. சரவணன், வீர் சக்ரா. 1999 மே 29 அன்று பட்டாலிக் ஜுபார் மலை மீது நடந்த தாக்குதலை முன்னின்று நடத்தி, காயம்பட்ட பின்னும் திரும்பாமல் போரிட்டு இறந்தார். உடன் இறந்தவர் நாயக் கணேஷ் பிரசாத் யாதவ், வீர் சக்ரா."

கடைசி வரிக்கு இடம் போதாவிட்டால், பூ வேலைப்பாட்டு பார்டரை எடுத்துவிடலாம். அதற்கு எப்படியும் தனியாகக் காசு கேட்கிறார்கள். மாற்றுக் கருத்து இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள், அச்சகத்தில் அதுவரை நிறுத்தி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.